நீலம் பாரித்த கத்தி

மதுக்கரையை நினைத்தால் முதலில் வெள்ளைதான் வருகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வழியெல்லாம் உதிர்த்துப் போன வெள்ளை, வேப்பிலைகள்மேல் திருநீறு பூசினாற்போல் படிந்த வெள்ளை, மார்கழிக் காலையில் தர்மலிங்கேஸ்வரர் மலையைப் பாதி மூடி நிற்கும் பனியின் வெள்ளை. இவ்வளவு வெள்ளைக்கும் நடுவே ஒரு துளி நீலமும் கூடவே வந்துவிடுகிறது. கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. என் பதினோராம் வயதில், ஓர் ஆனி மாதத்துச் சாயங்காலம், ஒரு கத்தியின் வாயில் நான் ஏற்றிவிட்ட நீலம் அது.

அப்பாருவின், அதாவது என் தாத்தாவின், சாணைப் பட்டறை பாலக்காட்டு ரோட்டிலிருந்து மார்க்கெட்டுக்குத் திரும்பும் வழியில், ஒரு புளியமரத்தை ஒட்டி இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், முன்பக்கம் திறப்பு. அங்கே உட்கார்ந்தால் மேற்கே வாளையாறு மலை தெரியும். எட்டிமடைப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டியின் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு ஆலைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கூட்டமாக வரும். எங்களுக்குக் கடிகாரம் அதுதான்.

ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று கிளம்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் அது. மதுக்கரை அந்த வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற ஊர். மலையாளத்துப் பக்கம் மழை கொட்டும்போது எங்களுக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும் வரும். சாணையிலிருந்து கிளம்புகிற பொறிகள் அந்தக் காற்றில் வளைந்து கிழக்கே பறக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே நிற்பார்கள். அந்தப் பட்டறையின் பேரன் என்பதில் எனக்கு அப்போது அவ்வளவு பெருமை.

ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சிமெண்டு ஆலை. 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவின் நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து கோயமுத்தூர்ச் சீமைக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. 1934-ல் மதுக்கரையில் சிமெண்டு ஆலை எழுந்தது. இரண்டு வருடம் கழித்துப் பல கம்பெனிகள் ஒன்றாகி ஏ.சி.சி. பிறந்தபோது எங்கள் ஊர் ஆலையும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. அந்த ஆலைச் சூளையில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் 1,450 டிகிரி வரை வெந்து கிளிங்கராக உருளும். அங்கே வேலை பார்த்த மாமன் ஒருவர் சூளைக்குள் நீலக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைச் சொல்லும்போது நாங்கள் வாய் பிளந்து கேட்போம். அந்த 1,450 டிகிரிக்கு நடந்துபோகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்பாரு 200 டிகிரிக்குப் பயந்து வாழ்ந்தார். அந்த எண் அவருக்குத் தெரியாது. அவர் விரலுக்குத் தெரியும்.

கறிக்கடைக்காரர்களின் வெட்டுக்கத்தி, மரவேலைக்காரர்களின் இழைப்புளி உளி, வீட்டு அருவாமனை, தோட்டத்துக் கொடுவாள், கல்யாணச் சமையல்காரர்களின் காய்கறிக் கத்தி என்று எல்லாம் எங்களிடம் வரும். எல்லாமே செய்து முடித்து, பிடி போட்டு, வருடக்கணக்கில் உழைத்த கத்திகள். புதுக் கத்தி செய்கிற கொல்லனைவிட, முடிந்த கத்தியைத் தேய்க்கிறவனுக்குப் பொறுப்பு அதிகம் என்பார் அப்பாரு. அந்தப் பேச்சின் கனம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

ஆத்தா வெல்லப்பாகுக்குப் பதம் பார்ப்பாள். அப்பாரு இரும்புக்குப் பதம் பார்ப்பார். இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். ஆனால் பாகு பதம் தப்பினால் ஒரு கை தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். கத்தி பதம் தப்பினால் உலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

கொல்லுப்பட்டறையில் லாரியின் கமான் பட்டையைக் காய்ச்சி, அடித்து, கத்தியாக இழுத்து, செக்கச்செவேலென்று பழுத்ததும் தோய்ச்சல் போடுவார்கள். சட்டென்று குளிர்ந்த இரும்பு கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் வாய் தெறித்துப்போகும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில், ஏறத்தாழ 200 டிகிரியில் வாட்டி அந்த முரட்டுத்தனத்தைத் தணிப்பார்கள். கெட்டியும் வேண்டும், உடையவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்கிற அந்தச் சமன்தான் பதம். அதற்குப் பிறகு அந்தக் கத்தி என்றைக்காவது அந்தச் சூட்டைத் தாண்டினால், எவ்வளவு தாண்டியதோ அவ்வளவு இளகிவிடும். திரும்பக் குளிரவைத்தாலும் போன கெட்டி வராது.

எவ்வளவு தாண்டியது என்பதை இரும்பே நிறத்தில் சொல்லும். 220 டிகிரி பக்கம் வைக்கோல் மஞ்சள். 260-க்கு வரும்போது தவிட்டு நிறம். 280-ல் கத்திரிப்பூ. 300-ஐ நெருங்கினால் மயில்கழுத்து நீலம். புடவைக்கடையில் பார்த்தால் ஆசைப்படுகிற அந்த நிறங்களை அப்பாரு ஒன்றன்பின் ஒன்றாக எனக்குக் காட்டியிருக்கிறார். ஒரு பழைய ரம்பத் துண்டை அடுப்பில் ஒரு நுனி மட்டும் வைத்து, நிறம் மெல்ல மெல்ல நகர்ந்து வருவதைப் பார்க்கச் சொன்னார். நான் அழகாயிருக்கிறது என்றேன். "பாம்பு கடிச்சாக்கூட நீலந்தான் பாரிக்கும், கண்ணு" என்றார்.

பட்டறையில் இரண்டு சாணைகள் இருந்தன. ஒன்று மிதிசாணை. ஒன்றரை அடிக் குறுக்களவுள்ள கல், அதன் அடிப்பாகம் கருங்கல் தொட்டியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சுற்றும். காலால் மிதித்தால் நிமிடத்துக்கு அறுபது சுற்று வரும். அதாவது கல்லின் விளிம்பு விநாடிக்கு ஒன்றரை மீட்டர்கூட ஓடாது. மற்றது சித்தப்பா கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த மோட்டார் சாணை. எட்டு அங்குலக் கல், நிமிடத்துக்கு 2,800 சுற்று. அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் பறக்கும். மிதிசாணையைப் போல இருபது மடங்கு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்து காட்டிய பிறகு இந்தச் சீமை மோட்டார்ச் சீமையாகவே ஆகிவிட்டது. கிணற்றிலும் ஆலையிலும் மாவரைக்கும் கிரைண்டரிலும் மோட்டார். அது எங்கள் பட்டறைக்கும் வந்ததில் அதிசயமில்லை. மோட்டாரோடு சூடும் உள்ளே வந்தது. மிதிசாணையில் கத்தியைக் கெடுக்க வேண்டுமென்று நினைத்தாலும் முடியாது. மோட்டார் சாணையில் கண் இமைக்கும் நேரம் போதும்.

உரசுகிற உழைப்பெல்லாம் கடைசியில் சூடாகத்தானே மாறுகிறது. கத்தியின் முதுகு தடிமன். வருகிற சூட்டை வாங்கி உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்ளும். வாய் தாள் மாதிரி மெலிசு. அங்கே வந்த சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. நுனி அதைவிடப் பாவம், இரண்டு பக்கமும் ஒதுங்க இடமில்லை. அதனால்தான் எந்தக் கத்தியும் நுனியிலிருந்தே நீலம் பாரிக்கத் தொடங்கும்.

அப்பாரு மோட்டார் சாணையை வெறுக்கவில்லை. அதற்கென்று ஒரு நடை வைத்திருந்தார். கத்தியைக் கல்லில் வைப்பதற்கு முன்பே தொட்டியில் முக்குவார். குதியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு, எங்கேயும் நிற்காது, அழுத்தாது. நுனி வந்ததும் தூக்கிவிடுவார். மறுபடி தண்ணீர். ஓர் இழுப்பு, ஒரு முக்கல். கத்தியின்மேல் ஈரம் மினுங்குகிறவரை பயமில்லை, தண்ணீர் கொதிக்கிற சூட்டை உடம்பு இன்னும் எட்டவில்லை என்று பொருள். ஈரம் ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கினால் அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். கையுறையைத் தொடவே மாட்டார். இடதுகை விரல்களைக் கத்தியின் வாய்க்குப் பின்னாலேயே வைத்திருப்பார்.

"கை தாங்குற சூடுதான் கத்தி தாங்கும். கைக்கு ஒறை போட்டுட்டீன்னா அது சொல்லுறது உனக்குக் கேக்காது" என்பார்.

கல்லின் முகம் மொழுக்கென்று பளபளத்தால் வேலையை நிறுத்திவிடுவார். மொழுக்கான கல் இரும்பை அறுக்காது, தேய்த்துச் சூடாக்க மட்டும் செய்யும். "அம்மி மொழுக்குனா ஆத்தா ஆளக் கூப்புட்டுக் கொத்தறா அல்லோ? இதுவும் அப்புடித்தான்" என்று சொல்லி, கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகே தொடர்வார். பெரிய தேய்ப்பு வேலையைச் சொரசொரப்புக் கல்லில் முடித்து, வாயை ஒரு மில்லிமீட்டர் தடிமனாகவாவது விட்டுவிடுவார். அந்தக் கடைசி மில்லிமீட்டர் மோட்டாருக்குக் கிடையாது. அது மிதிசாணைக்கும் கைக்கல்லுக்கும் உரியது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் தவறினேன்.

எட்டிமடையிலிருந்து ஒரு கல்யாணச் சமையல்காரர் வந்திருந்தார். அவர் கத்தி அப்பாருவே பலமுறை சாணை பிடித்தது. வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி வாய் மேலேறி, தடிமனான இடத்துக்கு வந்துவிட்டது. முட்டைக்கோசை நறுக்காமல் பிளக்கிறது என்றார். இரண்டு பக்கமும் தேய்த்து மெலிதாக்க வேண்டும். "நாளான்னிக்கு முகூர்த்தமுங்க ஆசாரியாரே, நாளைக்குப் பொழுதோட வந்து வாங்கிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கத்தை முடித்ததும் அப்பாருவுக்கு ஓர் இழவு வீட்டுக்குப் போக நேர்ந்தது. "தொடாத, வந்து பாத்துக்கறேன்" என்றார்.

மறுபக்கத்தை நானே முடித்துவைத்தால் அவர் மெச்சுவார் என்று நினைத்தேன். பத்து இழுப்பு சரியாக வந்தது. காற்று பலமாக இருந்ததால் பொறி அழகாகப் பறந்தது. வெளியே இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒரு முக்கலை விட்டுவிட்டேன். அடுத்த இழுப்பில் நுனியருகே கொஞ்சம் அழுத்தினேன். தூக்கிப் பார்த்தபோது மஞ்சள் விளிம்பும் கத்திரிப்பூவும் சூழ, நடுவில் நீலம் நின்றது. தண்ணீரில் போட்டேன். சுர்ரென்றது. எடுத்தேன். நீலம் அப்படியே இருந்தது.

அந்த நீலம் மிக மெல்லிய தோல். எமரித் தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். நான் தேய்த்தேன், போய்விட்டது. கத்தி வெள்ளிபோல் மின்னியது. சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாரு வந்து கத்தியை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய சின்ன அரத்தை எடுத்தார். கத்தியின் குதிப் பக்கம் வாயில் அரத்தை வைத்து மெல்லத் தள்ளினார். கண்ணாடியில் வழுக்குவதுபோல் கிறீச்சிட்டு வழுக்கியது. நடுவிலும் வழுக்கியது. நுனிக்குப் பக்கத்தில் வந்ததும் அரம் பிடித்தது. பச்சை மரத்தில் பிடிப்பதுபோல் பொசுக்கென்று பிடித்து, வாயில் சின்னப் பள்ளம் விழுந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"நெறத்தத்தான் தொடச்சிருக்கற, சாமி. நெறம் போயிருச்சு. கொறை போகுலியே" என்றார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உலையில் போட்டு மறுபடி தோய்ச்சல் போடலாம், ஆனால் பிடியைக் கழற்ற வேண்டும், இவ்வளவு மெலிசான கத்தி தோய்ச்சலில் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார். மிஞ்சியது ஒரே வழி. இளகிப்போன இடம் முழுதும் தீரும்வரை வாயைத் தேய்த்து உள்ளே கொண்டுபோக வேண்டும். அதையும் சூடே ஏறாமல் செய்ய வேண்டும். அன்று இரவு மிதிசாணையில் நான் மிதித்தேன், அவர் பிடித்தார். சிம்னி விளக்கு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. கொஞ்சம் தேய்த்ததும் அரம் வைத்துப் பார்ப்பார். பிடிக்கும். மறுபடி தேய்ப்பார். இரண்டாம் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோதுதான் அரம் வழுக்கியது. கத்தி சுண்டுவிரல் நகத்தளவு அகலம் குறைந்திருந்தது.

மறுநாள் சமையல்காரர் வந்ததும் அப்பாரு நடந்ததை மறைக்காமல் சொன்னார். "எங்க கை தப்புங்க. கத்தி கொஞ்சம் எளச்சுப் போச்சு. பதம் நல்லாருக்குது. கூலி வேண்டாமுங்க" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் கை என்றார். சமையல்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

வளர்ந்த பிறகு ஒருநாள் கொடுமணலுக்குப் போனேன். எங்களுக்கு வடக்கே பேரூரைத் தொட்டுக்கொண்டு போகிற அதே நொய்யல், சென்னிமலைப் பக்கம் போய் நனைக்கிற கரை அது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு காய்ச்சியதற்கான தடயங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்பே இந்தச் சீமையில் இரும்புக்குப் பதம் பார்த்த விரல்கள் இருந்திருக்கின்றன. உட்ஸ் என்று மேல்நாட்டார் பெயரிட்ட தென்னிந்திய எஃகின் புகழ் சீமை தாண்டியது. 1819-ல் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அதன் பிறகு லண்டனில் கத்தி செய்கிற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைச் செய்து பார்த்தார். ஃபாரடே கொல்லனின் மகன். மின்சாரத்தின் விதிகளைக் கண்டுபிடித்து மோட்டாருக்கு வழி திறந்த அதே மனிதர், எங்கள் பக்கத்து இரும்பின் பதத்தையும் தேடியிருக்கிறார் என்பதை அறிந்தபோது, பட்டறையில் அருகருகே நின்ற அந்த இரண்டு சாணைகளும்தான் என் கண்முன் வந்தன.

இப்போது நீலாம்பூரிலிருந்து வருகிற புறவழிச் சாலை மதுக்கரையில் வந்து சேர்கிறது. எந்நேரமும் லாரிகள். புளியமரம் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. மலையோரத்து ரயில் பாதைகளில் யானைகள் அடிபட்டுச் செத்த கொடுமைக்குப் பிறகு, 2024-ல் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்கள் எழுப்பி, இருட்டிலும் உடம்புச் சூட்டைக் கொண்டு யானையைக் காட்டிக்கொடுக்கும் கேமராக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். யானை தண்டவாளத்தை எட்டுவதற்கு முன்பே ரயில்காரர்களுக்குச் செய்தி போகிறது. அதைக் கேள்விப்பட்டபோது என் மனம் நிறைந்தது. நடந்த பிறகு வருந்துவதற்கும் நடக்கும் முன்பே சூட்டை அறிவதற்கும் உள்ள தூரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்த ஊர் அல்லவா அது.

கோவையில் இன்று கத்தி செய்கிற இளைஞர்கள் பெல்ட் சாணை வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. சிலர் பவர் ஹாக்சா பிளேடில் கத்தி செய்கிறார்கள். அந்த எஃகு 500 டிகிரிக்குமேல்கூடத் தாங்கும், அதனால் கை துணிச்சலாகிவிடும். பிறகு அதே கை கமான் பட்டைக் கத்தியைத் தொடும்போது கெடுத்துவிடும். எவர்சில்வர் கத்திகளில் நிறம் தாமதமாகத்தான் தெரியும். நீலம் வரவில்லையே என்று நம்பி இருந்துவிட முடியாது. என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது அப்பாருவின் பாடம்தான். தேய்ந்த பெல்ட்டைப் பார்த்து இரக்கப்படாதே, மாற்று. வேகத்தைக் குறை. வெறுங்கையால் பிடி. ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் தண்ணீர். கடைசி மெலிசைக் கைக்கல்லுக்கு விட்டுவை. தவறினால் மறைக்காதே, அரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த வருடம் வைகாசியில் அந்தச் சமையல்காரர் திரும்ப வந்தார். அதே கத்தி. முட்டைக்கோசு இழை இழையாக விழுகிறது என்று சொன்னார். சும்மா வாய் மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதுமாம். கத்தியை அப்பாருவிடம் நீட்டினார். அப்பாரு வாங்காமல் என்னைக் காட்டினார். சமையல்காரர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பிடியை என் பக்கம் திருப்பி, "புடி தம்பி" என்றார்.

மோட்டாரைப் போடவில்லை. மிதிசாணையில் உட்கார்ந்தேன். ஓர் இழுப்பு, ஒரு முக்கல். அவசரப்பட ஒன்றுமில்லை. அப்பாரு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்து சங்கு ஊதியதும் வழக்கம்போல் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கழுவினேன். அடியில் கறுப்பாக, மைபோல் நைந்த சேறு. கல்லின் பொடியும் இரும்பின் பொடியும். விரலால் தொட்டுப் பார்த்தேன். தண்ணென்று இருந்தது. அன்றைக்கு அந்தக் கத்தியிடமிருந்து போனது அவ்வளவுதான்.